75 நம்பர் பச்சை வலை: நாற்றுமேடைக்குச் சரி, நிலவேம்புக்கு வேண்டாம்

உச்சிப்புளியில் எங்கள் தோப்பு ஓரமாக, மர நிழல் விழாத இடத்தில் அஞ்சு சென்ட் நிலவேம்பு போட்டிருக்கிறேன். கடல்மணல், மேலே சித்திரை வெயில். போன வருஷம் நாற்று கருகியதும் ராமநாதபுரத்தில் ஒரு கடையில் நிழல் வலை வாங்கினேன். 3 மீட்டர் அகலம், மீட்டர் 90 ரூபாய். "75தான் நல்லதுண்ணே" என்றார் கடைக்காரர். 75 என்பது வெயிலில் வலை மறைக்கிற பங்கு. செடிக்குக் கிடைப்பது கால்வாசிதான். அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நாற்றுமேடைக்கு அருமை, ஒன்றுகூட வாடவில்லை. நட்ட பிறகும் வலையை எடுக்காமல் விட்டதுதான் தப்பு. ஒரே மாதத்தில் இலை அகலமாகிக் கரும்பச்சையாகிவிட்டது. பக்கத்துத் தோட்டத்து மச்சான் "என்ன உரம் போட்டீங்க?" என்று கேட்டார். உரமெல்லாம் இல்லை. வெளிச்சம் பத்தாத செடி, வருகிற கொஞ்சத்தையும் விடாமல் பிடிக்க இலையை விரித்துப் பச்சையத்தைக் கூட்டிக்கொள்கிறது. தொட்டால் காகிதம் மாதிரி இருந்தது. கணுவுக்குக் கணு நீண்டு தண்டும் சாய்ந்தது. காயவைத்து நிறுத்தால், வலைக்கு வெளியே நின்ற வரிசையைவிட எடை குறைவு. ஒளிச்சேர்க்கை குறைந்தால் எடை எங்கிருந்து வரும்? கசப்பு மட்டும் குறைந்த மாதிரி தெரியவில்லை. மென்று பார்த்துவிட்டு ஒரு சொம்பு மோர் குடித்தேன்.

அதற்காக வலையே வேண்டாம் என்பதில்லை. உச்சிவெயிலில் ஈரம் போய்விடாமல் இருக்க இலை தன் துளைகளை மூடிக்கொள்ளும். கரியமில வாயு உள்ளே போகாது. அடுப்பு எரியும், உலையில் அரிசி இருக்காது. அந்த நேரத்து நிழல் உதவிதான். காலையிலும் சாயங்காலமும்தான் வலை குறுக்கே நிற்கிறது. அதனால் இந்த வருஷம் 50 வாங்கி, கம்பியில் வளையம் கோத்து ஜன்னல் திரை மாதிரி மாட்டியிருக்கிறேன். 11 மணிக்கு இழுப்பேன், 3 மணிக்கு ஒதுக்குவேன். ஐப்பசியில் மேகம் கூடினால் சுருட்டி வைத்துவிடலாம்.

அப்புறம் உப்பும் தூசியும் படிந்தால் வலை இன்னும் இருட்டாகும். மாதம் ஒரு தடவை தண்ணீர் அடிக்கணும். ஓரத்தில் பட்டி தைத்த வலையாகக் கேட்டு வாங்குங்கள். என்னுடையதில் பட்டி இல்லை, கச்சான் காற்றில் ஓரம் கிழிந்தது. கடையில் கேட்டால் "காத்துக்கு நாங்க என்னண்ணே பண்ண முடியும்" என்றார்கள். மண்டபத்தில் மீன்வலை பொத்துகிற ஒருவர்தான் நைலான் நூலால் கோத்துக் கொடுத்தார். அவர் கோத்த இடம் அப்படியே இருக்கிறது, பக்கத்தில்தான் இப்போது கிழிகிறது.