குரோமா, பூச்சற்ற உருக்கா? வன்னியில் இருந்துகொண்டு வெட்ஜ் தெரிவு செய்தல்

வன்னியில் கோல்ஃப் திடல் கிடையாது. கிளிநொச்சியில் இருந்தோ வவுனியாவில் இருந்தோ விளையாட விரும்புபவர் சீனக்குடாவில் விமானப்படையினர் நடத்தும் திடல், கொழும்பு, நுவரெலியா போன்ற இடங்களுக்குப் போகவேண்டும். குறுந்தூர அடிகளைப் பழகுவதற்கு மட்டும் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. காலபோக அறுவடை முடிந்த வயலும், கோடையில் நீர் வற்றிய குளத்தின் அலைகரைப் புற்றரையும் அதற்குப் போதும். கனடாவில் இருந்தோ இலண்டனில் இருந்தோ வரும் உறவினரிடம் ஒரு வெட்ஜ், அதாவது குறுந்தூர அடிகளுக்கான சரிந்த முகமுள்ள மட்டை, கொண்டுவரச் சொல்பவர் முதலில் கேட்பது அதன் நிறத்தைப் பற்றித்தான்: வெள்ளியா, கறுப்பா, கறள் பிடிக்கும் வகையா? இந்தக் கேள்வி இரண்டாவதாக வரவேண்டியது என்பது என் எண்ணம். முதலில் பார்க்கவேண்டியது தலையின் அடிப்பாகம்.

பந்தில் படும் முகத்தின் சரிவைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. உங்கள் மட்டைத் தொகுதியோடு வந்த பிட்சிங் வெட்ஜ் எத்தனை பாகை என்று பார்த்து, அதிலிருந்து ஐந்து அல்லது ஆறு பாகை இடைவெளி விட்டுக்கொண்டு போனால் போதும். அது 44 பாகையானால் 50, 56 என்ற இரண்டும் பெரும்பாலானோருக்கு நிறைவாக இருக்கும். 60 பாகை வெட்ஜ் அடிக்கடி விளையாடுபவர்களுக்கே கைகொடுக்கும்; மற்றவர்களுக்கு அது பையில் அனுமதிக்கப்பட்ட 14 மட்டைகளில் ஓர் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

முகத்தின் முன்விளிம்பைக் காட்டிலும் அடிப்பாகத்தின் பின்பகுதி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைக் காட்டும் கோணமே பவுன்ஸ். 1932 ஆம் ஆண்டு பிரித்தானிய ஓப்பன் பட்டத்தை வென்ற ஜீன் சரசன், தமது மட்டையின் அடிப்பாகத்தில் உலோகம் சேர்த்துத் தடிப்பாக்கியதால், அது மணலுக்குள் புதையாமல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. மணற்குழியிலிருந்து அடிப்பதற்கான இன்றைய சாண்ட் வெட்ஜ்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவையே. பொதுவாக 4 முதல் 6 பாகை வரை தாழ்ந்த பவுன்ஸ் என்றும், 7 முதல் 10 வரை நடுத்தரம் என்றும், அதற்கு மேற்பட்டவை உயர்ந்தவை என்றும் கொள்ளப்படுகின்றன. இறுகிய நிலத்தில் உயர்ந்த பவுன்ஸ் உள்ள தலை தரையில் பட்டுத் துள்ளுவதால், முன்விளிம்பு பந்தின் நடுவில் மோதி, முப்பது யார் போகவேண்டிய பந்து தரையை ஒட்டிக்கொண்டு கண்ணுக்கெட்டாத தூரம் பறந்துவிடும். இளகிய நிலத்தில் தாழ்ந்த பவுன்ஸ் அதற்கு நேர்மாறாக மண்ணுக்குள் புதைந்து, பந்தைக் காலடியிலேயே விட்டுவிடும்.

வன்னியில் இருப்பவருக்குச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஆடி, ஆவணியில் கச்சான் காற்று வீசும்போது எங்கள் செம்மண்ணும் கிறவலும் சீமெந்துத் தரைபோல இறுகிவிடும். ஐப்பசிக்குப் பின் மாரி மழையில் அதே நிலம் கணுக்கால் புதையும் அளவுக்கு இளகிவிடும். பழகுவது இந்த நிலத்தில், விளையாடப்போவதோ நுவரெலியாவின் ஈரப் புற்றரையில் என்றால், எதற்கு ஏற்றபடி வாங்குவது? வயலில் நன்றாக அடிபடுகிறது என்பதற்காக 56 பாகையில் 6 பாகை பவுன்ஸ் உள்ளதை வாங்கியவர் மலைநாட்டில் தடுமாறுவார். ஆகவே 56 பாகை வெட்ஜ் 10 பாகை பவுன்ஸ் கொண்டதாக, தண்டை ஒட்டிய குதிப்புறமும் பின்விளிம்பும் சற்றுச் சீவப்பட்டதாக இருப்பதே நல்லது. முகத்தை நேராக வைத்தால் இறுகிய நிலத்திலும் அது ஓரளவு ஒத்துவரும். முகத்தைத் திறந்து வைத்தால் பவுன்ஸ் கூடி, மணற்குழியிலும் ஈரத்திலும் உதவும். 60 பாகை ஒன்றும் வைத்திருப்பவர் அதைத் தாழ்ந்த பவுன்ஸில் எடுத்து வெறுந்தரைக்கென ஒதுக்கிக்கொள்ளலாம். செங்குத்தாக வெட்டி அடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இவை எல்லாவற்றிலும் பவுன்ஸை இரண்டு பாகை கூட்டிக்கொள்ள வேண்டும்.

இனிப் பூச்சுகளைப் பார்ப்போம். வெட்ஜ் தலைகள் பெரும்பாலும் கறள் பிடிக்கக்கூடிய மென்காபன் உருக்கால் செய்யப்படுவதால், அதன்மேல் நிக்கலும் அதற்கு மேல் மெல்லிய குரோமும் பூசப்படுகின்றன. குரோமின் பலம் அதன் உழைப்பு. உப்புக் காற்று அடிக்கும் முல்லைத்தீவுக் கரையோரத்தில், மட்டையைத் துடைக்க மறந்து மூலையில் வைப்பவருக்கு அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. பளபளப்பான குரோம் நண்பகல் வெயிலில் கண்ணைக் கூசச்செய்யும் என்பது உண்மையான குறை. மங்கலாக்கப்பட்ட குரோமில் அந்தத் தொல்லை பெருமளவு குறைவு.

பூச்சற்ற உருக்கைப் பற்றிச் சொல்லப்படுவனவற்றில் பாதி மிகைப்படுத்தல். கறள் பிடித்த முகம் பந்தைக் கூடுதலாகச் சுழற்றும் என்று பலர் நம்புகிறார்கள். சுழற்சியைத் தருவது முகத்தில் கோடுகளாக வெட்டப்பட்ட பள்ளங்களின் கூர்மையும், முகத்தின் சொரசொரப்பும், பந்துக்கும் முகத்துக்கும் இடையே நீரும் புல்லும் சிக்காதிருப்பதுமே தவிர, கறளின் நிறம் அல்ல. கைக்கு மென்மையாக இருக்கும் என்பதும் அப்படித்தான். மைக்ரோன் கணக்கில் உள்ள ஒரு பூச்சின் வேறுபாட்டை விரல்கள் உணரும் என்று நான் நம்பவில்லை. ஆனால் பூச்சில்லாத முகத்தில் பள்ளங்களின் விளிம்பு வெட்டப்பட்டபடியே கூர்மையாக இருக்கும் என்பதும், அது வெயிலில் கூசாது என்பதும் மெய். கறளுக்கு அஞ்சுபவர்களுக்கு ஒன்று: நாள்தோறும் மண்ணில் உரசும் மண்வெட்டியின் வாயில் கறள் நிற்பதில்லை, மாரி முழுவதும் கொட்டிலில் கிடக்கும் மண்வெட்டியையே அது தின்கிறது, வெட்ஜும் அவ்வாறே. துடைத்து, தையல் இயந்திர எண்ணெயை மெல்லப் பூசி, அடிக்குமுன் முகத்தில் உள்ள எண்ணெயை வழித்துவிட்டால் போதும். ஈரத் துணியோடு சேர்த்துப் பைக்குள் மூடிவைப்பதுதான் மிகக் கெடுதல்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. டெய்லர்மேட் நிறுவனம் 2019 இல் வெளியிட்ட மில்ட் கிரைண்ட் 2 வெட்ஜில் முகத்தை மட்டும் பூச்சின்றி விட்டு, மற்றப் பகுதிகளுக்குப் பூச்சிட்டது. கலவேயின் ஜோஸ் ரோ வெட்ஜும் அவ்வாறே முகத்தைப் பூச்சின்றி வைத்திருக்கிறது. உள்வன்னியில் இருப்பவருக்கு என் தெரிவு இந்த வகையே.

கறுப்புத் தலை பார்ப்பதற்கு மிக அழகானது, சட்டென்று தேய்வதும் அதுதான். கிறவல் கலந்த நிலத்தில் பழகினால் அடிப்பாகத்திலும் முகத்தின் நடுவிலும் விரைவில் வெண்மை தெரியத் தொடங்கும். ஆட்டத்துக்கு அதனால் கேடில்லை, விற்கும்போதுதான் விலை குறையும். செப்புப் பூச்சும் ஏறக்குறைய அதே கதை. பழைய பிங் ஐ 2 மட்டைகளில் பெரிலியம் கலந்த செப்பால் வார்க்கப்பட்ட தலைகள் உண்டு. அவை கையில் கிடைத்தால் அரத்தால் தேய்க்கவோ சாணை பிடிக்கவோ கூடாது, அந்தத் தூள் நுரையீரலுக்கு நஞ்சு.

உறவினர் பழைய மட்டையைக் கொண்டுவருவதாக இருந்தால், நிறத்தைக் கேட்பதற்கு முன் முகத்தின் நெருங்கிய படம் ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள். பள்ளங்கள் நடுவில் வழுவழுப்பாகியிருந்தால் எந்தப் பூச்சும் உதவாது. 2010 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த விதி பள்ளங்களின் கொள்ளளவையும் விளிம்புக் கூர்மையையும் கட்டுப்படுத்தியதால், அதற்கு முற்பட்ட சில வெட்ஜ்கள் உயர்மட்டப் போட்டிகளில் ஏற்கப்படமாட்டா. வயலில் பழகுவதற்கு மட்டும் என்றால் அவற்றை வேண்டாமென்று சொல்லத் தேவையில்லை.