வீட்டுக் கணினியில் புகுந்த வேண்டாத மென்பொருள்: கையால் நீக்குவதா, ஸ்கேன் செய்வதா, மொத்தமாக அழிப்பதா?

நாலு பேர் கை வைக்கும் கணினியில் என்னென்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் முழுசாகத் தெரியாது. ஒருவர் பிடிஎஃப் மாற்றும் நிரல் ஒன்றை இறக்கியிருப்பார், பிள்ளைகள் விளையாட்டுக்கு 'மோட்' என்று எதையோ போட்டிருப்பார்கள். திடீரென்று ஒருநாள் பிரவுசரைத் திறந்தால் தேடல் பக்கமே வேறாக வந்து நிற்கும். உடனே எல்லோரும் கேட்பது, 'எந்த ஆன்டிவைரஸ் நல்லது?'

அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. உள்ளே வந்தது தொல்லையா, திருடனா? விளம்பரம் காட்டும் தொல்லை என்றால் நீக்கிவிட்டு வேலையைப் பார்க்கலாம். பாஸ்வேர்டு திருடும் ரகம் என்றால், நீக்கிய பிறகும் அந்தக் கணினியை நம்பிப் பணம் அனுப்பலாமா என்று யோசிக்க வேண்டும். விண்டோஸ் 10, 11 கணினிகளுக்கான வழிகளை இந்தக் கணக்கில்தான் இங்கே பார்க்கிறேன்.

கையால் நீக்குவது

செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து, நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். தொல்லை ஆரம்பித்த நாளை ஒட்டி வந்தவை எல்லாம் அடுத்தடுத்து நிற்கும். பெயரே தெரியாத மூன்று நிரல்கள் ஒரே தேதியில் இருந்தால், ஏதோ ஒரு இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்தவை என்று யூகிக்கலாம். செலவில்லை, உங்கள் கோப்புகளுக்கும் ஆபத்தில்லை.

குறை என்னவென்றால், நீக்கும் நிரலை எழுதியதும் அதே ஆள்தான். எதை விட்டுவைப்பது என்பது அவர் முடிவு. 2015-இல் பெரிய சர்ச்சையான சூப்பர்ஃபிஷ் இதற்கு நல்ல உதாரணம். லெனோவோவின் சில மடிக்கணினிகளில் விற்கும்போதே இருந்த விளம்பர மென்பொருள் அது. அதை நீக்கினாலும், அது பதித்த ரூட் சான்றிதழ் (எந்தத் தளத்தை நம்பலாம் என்று விண்டோஸ் முடிவு செய்ய உதவும் கோப்பு) விண்டோஸிலேயே தங்கிவிட்டது. பாதுகாப்பான இணைய இணைப்பை மற்றவர்கள் இடைமறிக்க அந்தச் சான்றிதழே போதும் என்பதால், அதைத் தனியாகத் தேடி அழிக்க வேண்டியிருந்தது.

ஆனால் ஒரு இடத்தில் கைவழிதான் ஒரே வழி. திரையின் வலது கீழ் மூலையில் 'உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்!' என்று சிவப்புக் குறியோடு ஒரு பெட்டி எழும்பும். பதறிப்போய் ஸ்கேன் செய்வீர்கள், எதுவும் கிடைக்காது. கிடைக்க அங்கே ஒரு கோப்பும் இல்லை. அந்தப் பெட்டியை உற்றுப் பாருங்கள்: பிரவுசரின் பெயரும், ஏதோ ஒரு தளத்தின் முகவரியும் சின்ன எழுத்தில் இருக்கும். 'நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலோவை அழுத்தவும்' என்று ஏதோ ஒரு பக்கம் கேட்டபோது வீட்டில் யாரோ அழுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். க்ரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய் அந்த முகவரியை நீக்கினால் தொல்லை நின்றுவிடும். இதற்காகக் காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கியவர்கள் ஏராளம்.

பிரவுசரோடு சேர்த்துப் போடும் சின்ன நிரல்களான எக்ஸ்டென்ஷன்களையும் அப்படியே பாருங்கள். நீக்கும் பொத்தானே வேலை செய்யாமல், பிரவுசரை 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று வீட்டுக் கணினியில் வந்தால் சந்தேகப்படலாம். நல்ல மென்பொருள் சிலவும் அந்த வரியை வரவைக்கும் என்றாலும், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஏதோ ஒரு நிரல் விதி எழுதி வைத்திருக்கிறது என்றுதான் பொருள். அங்கே கையால் மல்லுக்கட்டாமல் கருவிக்குப் போவது நல்லது.

டிஃபெண்டரா, வெளியிலிருந்து ஒன்றா?

விண்டோஸ் 8 முதல், விண்டோஸோடு சேர்ந்தே மைக்ரோசாஃப்டின் டிஃபெண்டர் முழு ஆன்டிவைரஸாக வருகிறது. வைரஸ், நல்ல நிரல் போல வேடமிட்டு வரும் ட்ரோஜன் என்றால் இதைத் தாண்டி முதலில் எதையும் தேட வேண்டாம். பலர் தொடாத ஒரு வசதி, ஆஃப்லைன் ஸ்கேன். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே சோதிக்கும். ஏறக்குறைய 15 நிமிடம் ஆகும். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள் தன்னை மறைத்துக்கொள்ளும் ரகத்துக்கு அப்போது ஒளிய இடம் குறைவு. முடிவு புரொடெக்ஷன் ஹிஸ்டரியில் இருக்கும். செய்துவைத்த வேலையைச் சேமித்துவிட்டுத் தொடங்குங்கள்.

விளம்பர மென்பொருள் விஷயத்தில் டிஃபெண்டர் கொஞ்சம் தாராளம். 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்தி நாமே சம்மதித்து வந்ததை வைரஸ் என்று அது சொல்லாது. அதற்குத் தனி சுவிட்ச் இருக்கிறது: விண்டோஸ் செக்யூரிட்டியின் ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோலில் ரெப்யூட்டேஷன் பேஸ்டு புரொடெக்ஷன். பழைய கணினி என்றால் அது ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிரவுசர் கடத்தப்பட்ட கதை என்றால் என் ஓட்டு ஆட்வ்கிளீனருக்கு. 2016 முதல் மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் கையில் இருக்கும் இலவசக் கருவி. நிறுவவே வேண்டாம், இறக்கி ஓட்டினால் போதும். டூல்பார், மாற்றப்பட்ட முகப்புப் பக்கம், அதற்காக எழுதிய ரெஜிஸ்ட்ரி வரிகள் எல்லாவற்றையும் தேடித் தரும். கணினி தயாரித்தவர் போட்டனுப்பிய மென்பொருளையும் பட்டியலிடும் என்பதால், டிக் போடுவதற்கு முன் படித்துப் பாருங்கள். அதே நிறுவனத்தின் மால்வேர்பைட்ஸ் இன்னும் ஆழமாகத் தேடும். முதல் 14 நாள் கட்டணப் பதிப்பின் சோதனை. அப்புறம் நீங்கள் சொல்லும்போது மட்டும் ஸ்கேன் செய்யும். இரண்டாவது கருத்து கேட்க அது போதும்.

க்ரோமுக்குள் இருந்த கிளீனப் கருவியைப் பயன்படுத்தச் சொல்லும் பழைய குறிப்புகளை விட்டுவிடுங்கள், 2023-இல் கூகுளே அதை எடுத்துவிட்டது. 'ரெஜிஸ்ட்ரி கிளீனர்', 'வேகமாக்கி' வகையறா எனக்கு வேண்டவே வேண்டாம். 2017-இல் அந்த வகையில் பிரபலமான சிகிளீனரின் 5.33 பதிப்புக்குள்ளேயே தாக்குபவர்கள் புகுந்து, 22 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. எதை இறக்கினாலும் தேடல் முடிவில் மேலே நிற்கும் விளம்பரத்தை அழுத்தாமல், தயாரித்தவரின் தளத்துக்கே போங்கள்.

ரீசெட், அல்லது புது விண்டோஸ்

காசு கொடுக்காமல் மென்பொருளைத் திறக்கக் கள்ளச் சாவி உருவாக்கும் நிரலை யாராவது ஓட்டினார்களா? மின்னஞ்சலில் தெரியாத இடத்திலிருந்து லாகின் வந்ததா? அப்படியென்றால் ஸ்கேன் சுத்தம் என்று சொன்னாலும் நான் நம்பமாட்டேன். கண்டுபிடித்ததை மட்டுமே ஸ்கேனரால் சொல்ல முடியும்.

ரீசெட் என்பது விண்டோஸே தன்னை மறுபடி நிறுவிக்கொள்ளும் வசதி. அதில் 'கீப் மை ஃபைல்ஸ்' எடுத்தால் படங்களும் ஆவணங்களும் இருக்கும், நிறுவிய மென்பொருள் போய்விடும். ஆனால் டவுன்லோட்ஸில் கிடக்கும் அந்த நிரலும் அப்படியே இருக்கும், யாராவது மறுபடி இரண்டு தட்டு தட்டினால் பழைய கதைதான். தொல்லை ரகத்துக்கு இது தாராளமாகப் போதும். திருடன் ரகம் என்றால் 'ரிமூவ் எவ்ரிதிங்'. அதிலும் கிளவுட் டவுன்லோடைத் தேர்ந்தெடுத்தால், சந்தேகத்துக்குரிய கணினியில் இருக்கும் கோப்புகளை நம்பாமல் மைக்ரோசாஃப்டிடமிருந்து புதிதாக இறக்கும். சுமார் 4 ஜிபி டேட்டா போகும்.

இன்னும் உறுதி வேண்டுமென்றால், வேறொரு சுத்தமான கணினியில் விண்டோஸ் நிறுவ 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றைத் தயார் செய்து, பார்ட்டிஷன்களை (வட்டின் பிரிவுகளை) அழித்துவிட்டுப் புதிதாக நிறுவலாம். பிரின்டர், ஆஃபீஸ், விளையாட்டு என்று எல்லாவற்றையும் மறுபடி போடுவது சலிப்பான வேலைதான். இரண்டு நாள் ஸ்கேனரோடு போராடுவதைவிட எனக்கு அது மேல். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், அழிப்பதுதான் முடிவு என்றால் கணினி விண்டோஸ் 11-ஐத் தாங்குமா என்றும் பார்த்துவிடுங்கள்.

அழிப்பதற்கு முன் படங்களையும் ஆவணங்களையும் மட்டும் எடுத்து வையுங்கள், நிரல் கோப்பு எதுவும் வேண்டாம். பாஸ்வேர்டுகளை வேறொரு சாதனத்தில் மாற்றுங்கள், மின்னஞ்சல் முதலில், ஏனென்றால் மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் இணைப்பு அங்கேதான் வரும். கூடவே எல்லாச் சாதனங்களிலிருந்தும் சைன் அவுட் கொடுங்கள். நீங்கள் லாகின் செய்திருப்பதைப் பிரவுசர் நினைவில் வைக்கும் குக்கீயைத் திருடியவருக்குப் பாஸ்வேர்டே தேவைப்படாது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் என்றால் மேலே சொன்ன எந்த வழியும் பூட்டைத் திறக்காது. பூட்டிய கோப்புகளை அப்படியே ஒரு பிரதி எடுத்துவைத்து, ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் உள்ளிட்டோர் 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் அதற்குத் திறப்பான் இருக்கிறதா என்று தேடுங்கள்.

புது விண்டோஸில் க்ரோமுக்குள் லாகின் செய்ததும் பழைய கெட்ட எக்ஸ்டென்ஷன் தானாகத் திரும்பி வருவதும் உண்டு. கணக்கில் இருப்பதை எல்லாச் சாதனங்களுக்கும் கொண்டுவரும் சின்க் வேலை அது. விண்டோஸை எத்தனை முறை அழித்தாலும், கணக்கில் இருப்பதை நீக்காதவரை அது வந்துகொண்டேதான் இருக்கும்.