பிலிம் கழுவ எந்தத் தண்ணீர்: போரா, கேனா, பேட்டரி தண்ணீரா?

வீட்டில் கழுவிய கறுப்பு வெள்ளை பிலிமில் கறை விழுந்தால் காவிரி டெல்டாக்காரர்கள் முதலில் திட்டுவது தண்ணீரை. அதற்கு முன் நெகட்டிவைக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். பளபளப்பான பக்கத்தில் வெள்ளை வளையம் இருந்தால் உப்பு, தண்ணீர்தான் குற்றவாளி. மேலே வெளிச்சம் பட்டால் பச்சையாகவும் ஊடே பார்த்தால் சிவப்பாகவும் தெரியும் படலம் என்றால் டெவலப்பரில் (படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசல்) ஹைப்போ, அதாவது படத்தை நிலைநிறுத்தும் பிக்ஸர், கலந்திருக்கலாம். அதற்கு அளவுக் குவளைகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்வதுதான் மருந்து. பிரிண்டில் விழும் கறுப்புப் பொட்டு காற்றுக்குமிழி, வெள்ளைப் பொட்டு தூசு.

போர் தண்ணீருக்குக் காசில்லை. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடலோரத்தில் உப்பு ஏறிய போர் என்றால் யோசிக்கவே வேண்டாம். உள்ளே கும்பகோணம், திருவாரூர் பக்கம் வாய்க்கு நன்றாக இருக்கும் தண்ணீரிலும் இரும்பு இருக்கலாம். ஒரு வாளி பிடித்து ராத்திரி முழுக்க மூடாமல் வையுங்கள். காலையில் அடியில் செம்மண் நிறத்தில் படிந்திருந்தால் இரும்புதான். மேலாக இறுத்து, நாலு மடிப்பு வேட்டித் துணியில் வடிகட்டினால் பிக்ஸருக்கும் கடைசி அலசலுக்கும் நடுவில் வரும் கழுவலுக்குத் தாராளமாகப் போதும்.

கேன் தண்ணீர் பரவாயில்லை. ஆனால் பிளான்ட்டுக்குப் பிளான்ட் மாறும், வடிகட்டி பழசானால் அதே பிளான்ட்டிலேயே மாறும். தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் இல்லாமல் நம்பக் கூடாது.

என் ஓட்டு பேட்டரி தண்ணீருக்கு, அதாவது பேட்டரிக்கு ஊற்றும் உப்பு நீக்கிய தண்ணீருக்கு. சுத்தம் மட்டுமல்ல காரணம். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்கும். தப்பு எங்கே என்று தேடும்போது தண்ணீரைச் சந்தேகப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். எக்ஸ்டால் மாதிரி வைட்டமின் சி வகை டெவலப்பருக்கு இது இன்னும் முக்கியம். இரும்பு பட்டால் அது சீக்கிரம் செத்துப்போகும், நிறமும் மாறாது. பிலிமை உள்ளே விடுமுன் வெளிச்சம் பட்ட நுனித் துண்டு ஒன்றை அதில் போட்டுப் பாருங்கள். சில நிமிஷத்தில் கறுக்காவிட்டால் கொட்டிவிடலாம்.

செலவுக்குப் பயப்பட வேண்டாம், எல்லாவற்றுக்கும் இது தேவையில்லை. 35 மிமீ ரோல் ஒன்றுக்கு டெவலப்பர் கலக்க 300 மில்லி, கடைசி அலசலுக்கு 300 மில்லி, அவ்வளவுதான். பிக்ஸருக்குப் பிறகு பிலிம் இருக்கும் டேங்கில் வடிகட்டிய போர் தண்ணீரை ஊற்றி, மூடி, 5 தடவை கவிழ்த்து நிமிர்த்திக் கொட்டுங்கள். புதுத் தண்ணீரில் 10, மறுபடி 20. கடைசி அலசலில், தண்ணீர் துளியாக நிற்காமல் வழிய, போட்டோஃப்ளோ 1.5 மில்லி. கூடினால் அதுவே எண்ணெய்க் கோடு போடும். விரலால் வழிக்காதீர்கள், ஒட்டியிருக்கும் ஒரு மணல் துகள் போதும், ரோல் நெடுக கீறிவிடும்.

வளையம் ஏற்கெனவே விழுந்திருந்தால் பேட்டரி தண்ணீரில் 10 நிமிஷம் ஊறவைத்து மறுபடி தொங்கவிடுங்கள். பளபளப்புப் பக்கத்துக் கறை பெரும்பாலும் போய்விடும். வாங்கும்போது மட்டும் லேபிளைப் படியுங்கள்: பேட்டரி கடையில் ஆசிட்டும் இதே மாதிரி கேனில்தான் இருக்கும்.