ஏஐஎஸ்ஸா, ராடரா, போனில் ஆப்பா: பைபர் போட்டுக்கு எது சரி?

"தம்பி, போனில கப்பல் எல்லாம் தெரியுற ஆப் ஒண்டு இருக்காம். அதை ஏத்தித் தா, காணும்" என்றார் சித்தப்பா. முல்லைத்தீவில் இருந்து ராவில் வலைக்குப் போகிறவர், 23 அடி பைபர் போட், ஒரு வெளியிணைப்பு இஞ்சின். பாக்கு நீரிணையில் ஆழம் போதாததால் சென்னைக்கும் கொழும்புக்கும் இடையே ஓடும் பெரிய கப்பல்கள் எங்கள் கிழக்குக் கரையைச் சுற்றித்தான் போகின்றன, அதனால் கேள்வி நியாயமானதுதான். ஆனால் காணாது சித்தப்பா, காணவே காணாது.

மெரைன் டிராஃபிக் போன்ற ஆப் தானாக எதையும் பார்ப்பதில்லை. கப்பல் விஎச்எஃப் என்ற வானொலி அலையில் சொல்வதைக் கரையில் யாரோ வைத்திருக்கும் அன்டெனா கேட்டு இணையத்தில் ஏற்ற, அதைத்தான் நாம் பார்க்கிறோம். கிட்டத்தில் அன்டெனா இல்லையென்றால் கப்பல் கடைசியாகக் கேட்ட இடத்திலேயே நிற்பது போலக் காட்டும். செய்மதி வழியாக வருவதற்குத் தனிக் காசு. எல்லாவற்றுக்கும் மேலே, கரையை விட்டுத் தூரப் போனால் போனில் சிக்னல் இல்லை. வாடியில் இருந்து பொழுதுபோக்காகப் பார்க்க நல்ல சாமான்.

அந்த ஆப்புக்கே மூலம் ஏஐஎஸ் என்கிற தானியங்கி அடையாள முறை. சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களும், பயணிகள் கப்பல்கள் எல்லாமும் 2004 முடிவதற்குள் இதைப் பூட்டியிருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. பெயர், 9 இலக்க அடையாள எண் (இலங்கை என்றால் 417 இல் தொடங்கும்), இருக்கும் இடம், வேகம், திசை எல்லாவற்றையும் 161.975, 162.025 மெகாஹேர்ட்ஸ் என்ற இரண்டு அலைகளில் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு அலையிலும் ஒரு நிமிடத்தை 2250 துண்டாகப் பிரித்து, யார் எந்தத் துண்டில் பேசுவது என்று பெட்டிகள் தங்களுக்குள்ளேயே ஒழுங்கு பண்ணிக்கொள்ளும். நடுவில் மேஸ்திரி யாரும் இல்லை, அதுதான் எனக்குப் பிடித்தது.

இதில் இரண்டு வகை. பெரிய கப்பலின் ஏ வகை 12.5 வாட், ஓடும்போது வேகத்தைப் பொறுத்து 2 முதல் 10 செக்கனுக்கு ஒருமுறை பேசும். சின்னப் படகுக்கான பி வகையில் மலிவானது 2 வாட், ஓடும்போது 30 செக்கனுக்கு ஒருமுறை. விற்கிறவர்கள் இதுவரைக்கும் சொல்வார்கள், அடுத்ததைச் சொல்ல மாட்டார்கள்: வேகம் 2 நொட்டுக்குக் (ஒரு நொட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) கீழே போனால் அது 3 நிமிடத்துக்கு ஒருமுறைதான் வாய் திறக்கும். வலையை விட்டுவிட்டு மிதக்கும் எங்கள் போட் விடிய விடிய இருப்பது அந்த நிலையில்தானே? 15 நொட்டில் வரும் கப்பல் அந்த 3 நிமிடத்தில் கிட்டத்தட்ட 1400 மீற்றர் வந்துவிடும். அதோடு, திரை நெரிசலாக இருக்கிறது என்று கப்பலில் இருப்பவர் பி வகையை மறைத்தும் வைக்கலாம்.

ஆனபடியால் என் கணக்கில் பி வகைப் பெட்டியில் எங்களுக்கு உதவும் பாதி, அனுப்புகிற பாதி இல்லை, கேட்கிற பாதி. கப்பல் அடிக்கடி பேசுகிறது, உயரமான அன்டெனாவில் இருந்து பேசுகிறது, அது எத்தனை நிமிடத்தில் எவ்வளவு கிட்டத்தால் கடக்கும் என்று பெட்டியே கணக்குப் பார்த்து அலறும். கேட்க மட்டும் செய்யும் பெட்டி இன்னும் மலிவு, அதற்கு அடையாள எண்ணும் தேவையில்லை.

ராடர் வேறு சாதி. எதிரில் இருப்பவன் பேசினாலும் பேசாவிட்டாலும் அலையை அடித்துத் திரும்புவதைப் பார்க்கும். மேற்குக் கரையில் நாச்சிக்குடா, இரணைதீவுப் பக்கம் வலையை அறுத்துக்கொண்டு போகும் இழுவைப்படகு ஏஐஎஸ் போடாமல் வந்தால் திரையில் எங்கே தெரியப்போகிறது, ராடருக்குத்தான் தப்பாது. 2024 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா அகதிகளோடு வந்த படகை முள்ளிவாய்க்கால் பக்கம் முதலில் கண்டது மீனவர்களின் வெறுங்கண் என்பதையும் இந்த இடத்தில் சொல்லத்தான் வேண்டும். சரி, பைபர் போட்டில் ராடரைப் பூட்ட இடமும் இல்லை, பற்றரியும் தாங்காது. கப்பலின் ராடருக்கும் எங்களை நன்றாகத் தெரியாது, ஏனென்றால் பைபர் அலையைத் திருப்பி அனுப்பாது. மூன்று உலோகத் தகடுகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பொருத்திய தெறிப்பான் ஒன்றைத் தடியில் உயரக் கட்டினால் அந்தக் குறை ஓரளவு தீரும். சித்தப்பா அலுமினியப் பானையைக் கட்டிப் பார்த்தவர். பானை உருண்டை, வந்த அலையை நாலா பக்கமும் சிதறடிக்கும்.

விஎம்எஸ் என்கிற படகுக் கண்காணிப்பு முறை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 2015 இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை போட்ட பிறகு நீண்டநாள் படகுகளுக்குப் பூட்டியது. செய்மதி வழியாகக் கரையில் உள்ள அதிகாரிக்கு இடத்தைச் சொல்லும், பக்கத்துப் படகுக்குச் சொல்லாது.

கடைசியில் வாங்கியது தெறிப்பானும், கேட்கும் பெட்டி ஒன்றும். பெட்டியைப் பூட்டிய அன்றிரவு சித்தப்பா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. "கப்பலின்ர சிவப்பு லைற்றும் பச்சை லைற்றும் ஒண்டாத் தெரிஞ்சா நேர எங்களுக்குத்தான் வாறான். அதுக்குப் பெட்டி வேணுமோ?" என்றார். விடியப்புறம் அலாரம் அடித்தபோது இஞ்சின் கயிற்றை முதலில் இழுத்தவரும் அவர்தான்.