‘மற்றவர்கள்’ பெட்டி: சாட்ஸ்வொர்த்தில் ஒரு கூடைப்பந்து கார்டு கடை

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள பங்களாதேஷ் சந்தையில் சனிக்கிழமை காய்கறி வாங்கி முடித்தவர்கள் இரண்டு தெரு தள்ளி நடந்தால், வீட்டு கராஜ் ஒன்றைக் கடையாக்கிப் ஆட்டக்காரர்களின் படமும் ஆட்டக் கணக்கும் அச்சிட்ட பழைய விளையாட்டு கார்டுகளை விற்கும் அண்ணன் ஒருவரைக் காணலாம். பெயர்ப்பலகை இல்லை. டர்பன் தமிழர் வீடுகளில் கிரிக்கெட்டும் கால்பந்தும் பேசப்படும் அளவுக்குக் கூடைப்பந்து பேசப்படுவதில்லை என்றாலும், இவரது கடையில் பாதிச் சுவர் என்.பி.ஏ. என்னும் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கின் கார்டுகளுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அக்கா மகனை அழைத்துக்கொண்டு மூன்று முறை சென்று வந்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

கடை இரண்டு பகுதிகளாக உள்ளது. கண்ணாடிப் பேழைக்குள் மைக்கேல் ஜோர்டன், கோபி பிரையன்ட், லேரி பேர்ட், மேஜிக் ஜான்சன் ஆகியோர் கெட்டியான பிளாஸ்டிக் உறைகளில் நிற்கிறார்கள். தரையில், வாழைப்பழம் வந்த அட்டைப்பெட்டி ஒன்றில் ‘மற்றவர்கள்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, மீதி எல்லோரையும் அடுக்கியிருக்கிறார். என் நேரம் முழுவதும் அந்தப் பெட்டியின் அருகிலேயே கழிந்தது.

விலையைப் பற்றி முதலில் ஒன்று சொல்லவேண்டும். 1989-90 பருவத்தில் ‘ஹூப்ஸ்’ என்ற பெயரில் வந்த கார்டுகள் மலை மலையாக அச்சிடப்பட்டவை. ஜோர்டன் கார்டும் மற்றவர்களின் கார்டும் ஒரே தாளில், ஒரே மையில் வந்தவை. ஆகவே இங்கே ஜோர்டன் 350 ரான்டுக்கும் அலெக்ஸ் இங்கிலிஷ் 10 ரான்டுக்கும் விற்கப்படுவதற்கு அரிதான தன்மை காரணமன்று. ஒருவரை உலகம் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறது என்பதற்கு மட்டுமே நாம் பணம் கொடுக்கிறோம். இதைக் கடைக்காரரிடம் சொன்னபோது, “அது தெரிந்துதான் வாடகை கட்டுகிறேன்” என்று சிரித்தார்.

அந்தப் பத்து ரான்டு கார்டின் பின்பக்கத்தைப் படிப்பவர் சற்றுத் திகைப்பார். 1980-களில் என்.பி.ஏ.-வில் மிக அதிகப் புள்ளிகள் எடுத்தவர் டென்வர் அணியின் இந்த அலெக்ஸ் இங்கிலிஷ்தான். ஜோர்டன் 1984-இல்தான் வந்தார் என்பதால் அவரோடு இந்தக் கணக்கை ஒப்பிடுவது நேர்மையாகாது. ஆனால் 1979-இலேயே களமிறங்கிய பேர்டும் மேஜிக் ஜான்சனும் அந்தப் பத்தாண்டு முழுவதும் ஆடியவர்கள், அவர்களும் இங்கிலிஷுக்குப் பின்னால்தான் நிற்கிறார்கள். தொடர்ந்து எட்டுப் பருவங்களில் 2,000 புள்ளிகளைக் கடந்த இவருக்கு 1996-இல் வெளியான தலைசிறந்த 50 பேர் பட்டியலிலும் இடமில்லை, 2021-இல் அதை விரிவாக்கியபோதும் இடமில்லை. டென்வர் அணி இறுதித் தொடரை முதன்முதலாக எட்டியதே 2023-இல்தான். இறுதித் தொடர் நடக்கும் ஜூன் மாதத்தில் தொலைக்காட்சியில் தெரியாதவரை யாரும் மனத்தில் பதித்துக்கொள்வதில்லை. அதற்காக, பேர்டைவிட இவர் பெரிய ஆட்டக்காரர் என்று நான் வாதிட மாட்டேன். பந்தைப் பகிர்வதிலும் கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்டிலும் பேர்ட் வேறு உயரம். ஜோர்டன் கார்டுக்கும் இவர் கார்டுக்கும் உள்ள 35 மடங்கு விலை வித்தியாசத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

பெட்டியின் நடுவில் என் மருமகன் ஒரு கார்டை எடுத்து, “மாமா, பெயரைத் தப்பாக அச்சடித்திருக்கிறார்கள்” என்றான். ‘அகீம்’ ஒலாஜுவான் என்றிருந்தது. அது பிழையன்று, நைஜீரியாவின் லாகோஸ் நகரத்தில் பிறந்த அவர் 1991-இல்தான் தம் பெயரை ‘ஹகீம்’ என்று எழுதத் தொடங்கினார். புதிய ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1984-இல் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இவர், ஜோர்டன் மூன்றாவது. 1993-94 பருவத்தில் மிகச் சிறந்த ஆட்டக்காரர், சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர், இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் என்ற மூன்று விருதுகளையும் ஒருசேர வென்றார். வேறு எவரும் ஒரே பருவத்தில் அதைச் செய்ததில்லை, ஜோர்டன் உட்பட. அவருடைய 3,830 பிளாக்குகள் (எதிரணி கூடையை நோக்கி எறியும் பந்தைத் தடுத்தல்) இன்றும் சாதனையாகவே நிற்கின்றன.

ஜோர்டன் ஓய்வில் இருந்ததால்தான் 1994, 1995 இரண்டிலும் ஒலாஜுவானின் ஹூஸ்டன் அணி கோப்பையை வென்றது என்ற பழைய பேச்சைக் கடைக்காரரும் எடுத்தார். 1994-க்கு அது ஓரளவு பொருந்தும். ஆனால் 1995 மார்ச்சில் ஜோர்டன் திரும்பி வந்துவிட்டார். அவரது சிகாகோ அணியை ஒர்லாண்டோ வீழ்த்தியது, அந்த ஒர்லாண்டோவை இறுதித் தொடரில் ஹூஸ்டன் நான்குக்குச் சுழியம் என்று வென்றது. அகீம் கார்டு 25 ரான்ட். ஆப்பிரிக்காவில் இருக்கும் ஒரு கடையிலாவது இவரைத் தரையிலிருந்து கண்ணாடிக்குள் ஏற்றியிருக்கலாம் என்று சொன்னேன். அண்ணன் தலையசைத்தாரே தவிர, மூன்றாம் முறை போனபோதும் இடம் மாறவில்லை.

ஸ்டீவ் நாஷ் விஷயத்தில் எனக்கு வருத்தம் இன்னும் அதிகம். டாப்ஸ் நிறுவனத்தின் 1996-97 கார்டுத் தொகுப்பில் கோபியும் இவரும் புதுமுகங்கள். டிராஃப்டில் கோபி பதின்மூன்றாவது, நாஷ் பதினைந்தாவது. கோபியின் கார்டு 2,500 ரான்ட், நாஷ் 60. ஐந்து கோப்பைகள் வென்ற கோபியின் பக்கம் தராசு சாய்வது இயல்பே. நாஷ் ஒருமுறைகூட இறுதித் தொடரில் ஆடியதில்லை. ஆனால் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது கோபிக்கு ஒருமுறையும், நாஷுக்கு 2005, 2006 என இருமுறையும் கிடைத்தது. இவர் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர் என்பது கடைக்கு வந்திருந்த இளைஞர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. நிறவெறி ஆட்சியில் பிள்ளைகளை வளர்க்க விரும்பாமல் பெற்றோர் அவரைக் கைக்குழந்தையாகவே கனடாவுக்கு எடுத்துச் சென்றார்கள். மக்களை நிறம் பார்த்துப் பிரித்துக் குடியமர்த்திய அதே சட்டத்தால் உருவான சாட்ஸ்வொர்த்தில் இந்தக் கார்டின் மேல் ஒரு சிறு குறிப்பாவது ஒட்டியிருக்க வேண்டாமா?

போஸ்டன் சீருடையில் டென்னிஸ் ஜான்சனும் கிடைத்தார். 1987-இல் டெட்ராய்ட் அணியிடமிருந்து இவரது அணித்தோழர் பேர்ட் பந்தைப் பறித்த அந்தக் கணம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. கூடையை நோக்கி ஓடி, அந்தப் பந்தை வாங்கி உள்ளே போட்டவர் இவர் என்பது நினைவில்லை. 2007-இல் காலமானார், சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் 2010-இல்தான் இவருக்குக் கதவு திறந்தது.

கடையின் நேர்மையைப் பாராட்டவேண்டும். ஃப்ளீர் நிறுவனத்தின் 1986 ஜோர்டன் கார்டுக்குப் போலிகள் ஏராளம். இங்கே பேழையில் இருப்பதன் மேல் ‘மறுபதிப்பு’ என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறார். முனை மடங்கியவற்றை அவரே காட்டி விலையைக் குறைக்கிறார். குறை என்றால், ‘மற்றவர்கள்’ பெட்டியில் உள்ளவற்றுக்கு உறை கிடையாது, சிலவற்றின் மேல் விலைச்சீட்டை நேரடியாக ஒட்டியிருப்பதால் உரிக்கும்போது அச்சும் சேர்ந்து வருகிறது. என் இங்கிலிஷ் கார்டின் மூலையில் வெள்ளைத் தழும்பு அப்படி வந்ததுதான். வெளிச்சமும் போதாது, கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டுதான் பின்பக்க எண்களைப் படித்தேன்.

வங்கி அட்டை ஏற்பதில்லை, ரொக்கம் மட்டுமே. பத்து மணிக்கு முன் சென்றால் பெட்டியை நிதானமாகப் புரட்டலாம்; அதன் பிறகு பையன்கள் கூட்டம் பேழையை மொய்த்துக்கொள்கிறது. நாங்கள் நான்கு கார்டுகளுக்குக் கொடுத்தது 110 ரான்ட். உறைகளை மட்டும் வீட்டிலிருந்து எடுத்துச் செல்லுங்கள்.