வெளிநாட்டு எலெக்டிவா, தோட்டத்துக் கிளினிக்கா?

மனநல மருத்துவத்தில் மாஸ்டர்ஸ் படிக்கும் தம்பி தங்கைகள் கேட்கிறார்கள்: உலக மனநலத்தில் எலெக்டிவ் (நாமே தேர்ந்தெடுக்கும் குறுகிய காலப் பயிற்சி) எடுக்க வெளிநாடு போவதா, இல்லை மலேசியாவில் பேராக்கின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் வாராவாரம் கிளினிக் பார்ப்பதா? நான் இரண்டாவதை எடுத்தவன். என் பேச்சு அந்தப் பக்கம்தான் சாயும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவு, விடுப்பு, பயோடேட்டாவில் எது எடுப்பாக இருக்கும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

வெளிநாட்டின் பலம், மருத்துவர் பக்கத்தில் இல்லாமலே மனநலச் சிகிச்சை நடப்பதைக் கண்ணால் பார்ப்பது. ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா தொடங்கிய ஃபிரெண்ட்ஷிப் பெஞ்ச் திட்டத்தில், பயிற்சி பெற்ற பாட்டிமார் கிளினிக் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து ஆலோசனை சொல்கிறார்கள். தலைநகர் ஹராரேயில் 24 கிளினிக்குகளில் 573 பேரைச் சேர்த்து நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. பெஞ்சுக்குப் போனவர்களுக்கு, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட, ஆறு மாதம் கழித்து அறிகுறிகள் குறைவாக இருந்தன. இதையெல்லாம் நேரில் பார்த்து வந்தவர் 'ஆள் போதவில்லை' என்று லேசில் புலம்பமாட்டார்.

ஆனால் எலெக்டிவ் என்பது பெரும்பாலும் நாலு வாரம், மிஞ்சினால் ஆறு. மனச்சோர்வு மருந்து முழுப்பலன் காட்டவே அவ்வளவு நாள் பிடிக்கும். நீங்கள் எழுதிக்கொடுத்த ஃபுளுவாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரை கேட்டதா இல்லையா என்று தெரியவரும் நேரத்தில் நீங்கள் விமானத்தில் இருப்பீர்கள். மனநல நிபுணர் அல்லாத மருத்துவப் பணியாளர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட எம்எச்-கேப் கையேட்டில், 2016இல் வந்த இரண்டாம் பதிப்பைப் புரட்டிப் பாருங்கள். மதிப்பீடு, சிகிச்சை, தொடர் கவனிப்பு என்று நோய்வாரியாகப் பிரித்திருப்பார்கள். குறுகிய எலெக்டிவில் முதல் இரண்டோடு நின்றுவிடுவோம்.

தோட்டத்தில் அப்படி நழுவ முடியாது. செம்பனைக் குலை வெட்டும் ஒருவருக்கு இரவில் ஓலான்சபின் என்ற மனநோய் மாத்திரை கொடுக்கிறீர்கள். காதில் கேட்கும் குரல் அடங்குகிறது, நமக்குத் திருப்தி. ஆனால் விடியுமுன் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு) எழுந்திருக்க முடிவதில்லை, அன்றைய சம்பளம் போய்விடுகிறது. எழுந்து போனாலும் அந்த மயக்கத்தோடு நீளக் கம்பில் பூட்டிய அரிவாளைத் தலைக்குமேல் தூக்க வேண்டும். அடுத்த மாதம் அக்காள் தனியாக வந்து நிற்பார்: "மாத்திரைய நிறுத்திட்டான் டாக்டர். வேலைக்குப் போவ வேணாமா?" அப்போதுதான் யோசனை ஓடும். மாத்திரையைச் சாயங்காலமே கொடுக்கலாமா, அளவைக் குறைக்கலாமா, மருந்தையே மாற்றலாமா, மாத ஊசி சரிப்படுமா? வார்டில் பேராசிரியர் கேட்காத கேள்விகள் இவை. தான் எழுதிய மருந்துச் சீட்டின் விளைவு தன் எதிரிலேயே வந்து உட்காரும்போதுதான் ஒரு பயிற்சி மருத்துவர் பழகுகிறார். என் கணக்கில் மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

இன்னொன்றும் உண்டு. தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்கு அனுப்புகிறேன் என்றாலே குடும்பம் பின்வாங்கும். 1911இலிருந்து இருக்கும் மருத்துவமனை, ஊரார் வாயில் அதன் பெயர் படும் பாடு பேராக்காரர்களுக்குத் தெரியும். அதே ஊசியை உள்ளூர்க் கிளினிக்கில், இனிப்புநீருக்கு (நீரிழிவுக்கு) வந்தவர்களோடு வரிசையில் உட்கார்ந்து போட்டுக்கொள்ளச் சொன்னால் வந்துவிடுவார்கள்.

நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் வயதுவந்த தமிழர்கள். வங்காளதேச, நேபாளத் தொழிலாளர்கள் கிளினிக் பக்கம் அரிதாகவே வந்தார்கள். வெளிநாட்டவருக்கான மானியமில்லாத கட்டணமும் ஒரு காரணமாக இருக்கலாம். அதனால் இடம்பெயர்ந்தோர் மனநலமோ குழந்தை மனநலமோதான் உங்கள் நாட்டம் என்றால், என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓராண்டு தங்கிப் பார்க்கும் வெளிநாட்டு வாய்ப்பு அமைந்தாலும் கணக்கு மாறும். நான் குறை சொல்வது அந்த ஆறு வாரத்தை.

தோட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், மேற்பார்வை மருத்துவரிடம் முதல் நாளே ஒன்று கேளுங்கள்: என் முறை முடிந்த மறுமாதம் இந்த நோயாளிகளின் அட்டை யார் கைக்குப் போகும்? அடுத்து வரும் பயிற்சி மருத்துவர் என்றோ கிளினிக் எம்.ஏ. (மருத்துவ உதவியாளர்) என்றோ ஓர் ஆளைக் காட்ட அவரால் முடியவில்லையென்றால், அதுவும் இன்னொரு எலெக்டிவ்தான். அதற்கு ஹராரேவுக்கே டிக்கெட் எடுக்கலாம்.