3-வுட்டா, 5-வுட்டா, 7-வுட்டா: டெல்டாக்காரர்களுக்கு எது சரி?

டெல்டாவில் கோல்ஃப் ஆடுகிறவர்கள் குறைவு. திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஊர்த் திடலில் அடித்துப் பழகிவிட்டு, கொடைக்கானலுக்கோ கோவை செட்டிப்பாளையத்துக்கோ சென்னைக்கோ போய்த்தான் முழு ஆட்டம் ஆடுகிறோம். திடலிலும் நினைத்தபோது இறங்க முடியாது. தை மாதம் சம்பா அறுவடை முடிந்த கையோடு வயலில் உளுந்தும் பயறும் முளைத்துவிடும். பந்து அந்தப் பக்கம் போனால் போனதுதான். இப்படிக் கொஞ்சமாகக் கிடைக்கிற வாய்ப்பில் ஃபேர்வே வுட்டை, அதாவது தரையில் கிடக்கும் பந்தை நெடுந்தூரம் அடிக்கிற மட்டையை (3, 5, 7 எல்லாம் அதன் வகைகள்), தப்பாகத் தேர்ந்தெடுத்தால் அதைச் சரிக்கட்டப் பழகுவதிலேயே வருஷம் ஓடிவிடும். அதனால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம்மில் பெரும்பாலோர் முதலில் வாங்க வேண்டியது 5-வுட். கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுவது 3-வுட்டாகத்தான் இருக்கும்.

வழக்கமான அளவுகள் இவை. 3-வுட்டின் லாஃப்ட் (மட்டை முகத்தின் சாய்வு) 15 டிகிரி, ஷாஃப்ட் (தண்டு) 43 அங்குலத்தை ஒட்டி. 5-வுட் 18 டிகிரி, 7-வுட் 21 டிகிரி. ஒவ்வொரு படிக்கும் ஷாஃப்ட் அரை அங்குலம் போலக் குறையும். கம்பெனிக்குக் கம்பெனி சற்று மாறினாலும் ஒப்பிட்டுப் பார்க்க இது போதும்.

லாஃப்ட் குறைந்தால் தூரம் கூடும் என்பதுதான் எல்லோரும் சொல்கிற கணக்கு. வேகமாக வீசுகிறவர்களுக்கு அது பொருந்தும். பந்தின் பாதையை அளக்கும் கருவி செய்கிற ட்ராக்மேன் நிறுவனம் வெளியிட்ட பழைய பிஜிஏ டூர் (அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடர்) சராசரியைப் பாருங்கள். 3-வுட்டை மணிக்கு 107 மைல் வேகத்தில் வீசுகிறார்கள். பந்து 243 கெஜம் காற்றிலேயே போகிறது. உச்ச உயரம் 30 கெஜம். இறங்கும் கோணம் 43 டிகிரி. 5-வுட்டில் வேகம் 103 மைல், கேரி (காற்றில் போகும் தூரம்) 230 கெஜம், உயரம் 31 கெஜம், இறங்கும் கோணம் 47 டிகிரி. உயரம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மாறுவது இறங்கும் விதம். கிரீனில் (குழி இருக்கும், ஒட்ட வெட்டிய புல்தரை) விழுந்த பந்து நிற்க 45 டிகிரியை ஒட்டி இறங்க வேண்டும் என்பார்கள். அப்படிப் பார்த்தால் டூர் ஆட்டக்காரருக்கே கிரீனைப் பிடித்து நிற்பது 5-வுட்தான்.

நம் கதை வேறு. பந்தைக் காற்றில் தாங்குவது அதன் வேகமும் பேக்ஸ்பின்னும் (பின்னோக்கிய சுழற்சி) சேர்ந்து கொடுக்கும் தூக்கு விசை. பையிலேயே மிக நீண்ட மட்டையான ட்ரைவரையே 85, 90 மைலில் வீசுகிறவர் தரையில் கிடக்கும் பந்தை 15 டிகிரி முகத்தால் அடித்தால், அந்த விசை போதிய அளவு கிடைப்பதில்லை. பந்து தாழ்வாகக் கிளம்பி, ஏற வேண்டிய நேரத்தில் இறங்கத் தொடங்கிவிடும். அதே ஆள் 5-வுட்டை எடுத்தால் பந்து எழுந்து நிற்கும். கேரி 3-வுட்டுக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ வரும். ஷாஃப்ட் குட்டையாக இருப்பதால் முகத்தின் நடுவில் படுவதும் அதிகம். 3-வுட் அடிக்கத் தெரியவில்லை என்று மனம் வெறுத்துப்போகிற நண்பர்களிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். குறை உங்களிடம் இல்லை, உங்கள் வேகத்துக்கு அந்த லாஃப்ட் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் இன்னும் ஒரு படி ஏறி 7-வுட்டே வாங்கிவிடலாமே? நியாயமான கேள்வி. வயதானவர்களுக்கு உரியது என்று அதை ஒதுக்கிய காலம் போய்விட்டது. 2020 மாஸ்டர்ஸ் போட்டியை வென்றபோது அமெரிக்க ஆட்டக்காரர் டஸ்டின் ஜான்சனின் பையில் 7-வுட் இருந்தது. உயரமாகப் போய்ச் செங்குத்தாக இறங்கும். நீண்ட அயர்ன்களோடு (மெல்லிய தலையுள்ள இரும்பு மட்டைகள்) மல்லுக்கட்டுகிறவர்களுக்கு வரப்பிரசாதம். ஆனால் நம் பக்கம் ஆடி மாதம் என்று ஒன்று இருக்கிறதே. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று கரூர், திருச்சி வரை வீசித் தள்ளும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? எதிர்காற்றில் பந்தின் மேல் மோதும் காற்றின் வேகம் கூடுவதால் தூக்கு விசையும் பந்தைப் பின்னுக்குத் தள்ளும் இழுவையும் சேர்ந்தே கூடும். பேக்ஸ்பின் அதிகமுள்ள 7-வுட் பந்து மேலே மேலே ஏறி, நின்று, பக்கத்திலேயே விழும். 5-வுட்டும் இதில் சிரமப்படும், ஆனால் இந்த அளவுக்கு இல்லை. 3-வுட்டுக்கு மரியாதை கிடைக்கிற இடம் இதுதான்: தாழ்வான டீயில் (பந்தைத் தாங்கும் சிறு முளை) வைத்து அடித்தால் எதிர்காற்றை அறுத்துக்கொண்டு போகும்.

தரையையும் பார்க்க வேண்டும். சித்திரை, வைகாசியில் நம் வண்டல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கல்லாகக் கிடக்கும். அதில் தாழ்வாக இறங்கும் 3-வுட் பந்து விழுந்த பிறகும் உருண்டு ஓடும். மொத்தத் தூரத்தில் ஜெயித்துவிடும். ஐப்பசி மழையில் அதே பந்து விழுந்த இடத்திலேயே புதையும். ரோல், அதாவது உருளல், இல்லாத தரையில் கேரி மட்டும்தான் கணக்கு. அப்போது 5-வுட், 7-வுட் இரண்டும் முந்திக்கொள்ளும்.

கொடைக்கானலில் கணக்கே வேறு. சுமார் 7,000 அடி உயரம், மெல்லிய காற்று. இழுவை குறைவதால் தூரம் சமவெளியைவிட 8 சதவீதம் போலக் கூடும் என்று வைத்துக்கொள்ளலாம். மலைக் குளிர் அதில் கொஞ்சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். இழுவை குறைகிற இடத்தில் தூக்கு விசையும் குறையும். பந்து சமவெளியில் ஏறுகிற அளவுக்கு அங்கே ஏறாது, சற்றுப் படுத்தாற்போல இறங்கும். கீழே 5-வுட் கொடுத்த உயரத்தை மேலே எதிர்பார்த்தால் 7-வுட் பக்கம்தான் போக வேண்டும். கொடைக்கே அதிகம் போகிறவர் 5-வுட்டோடு 7-வுட்டையும் சேர்த்துக்கொண்டு 3-வுட்டை வீட்டில் விட்டுவிடலாம் என்பேன்.

ஒரே எண் எழுதிய இரண்டு மட்டைகள் ஒன்றுபோல அடிக்காது என்பதையும் கவனியுங்கள். எடை முகத்திலிருந்து பின்னால், அடிப்பக்கமாக இருந்தால் பந்து எளிதில் எழும், நடுவில் படாத அடியும் ஓரளவு தப்பிக்கும். எடை முகத்தை ஒட்டி இருந்தால் பேக்ஸ்பின் குறையும், தாழ்வாகப் போகும். முகத்தின் உயரம் குறைவான தட்டை மட்டைதான் தரையிலிருந்து அடிக்கத் தோது. முகம் உயரமானது டீக்கு நல்லது. திருகி லாஃப்ட் மாற்றும் வசதியுள்ள மட்டையில் லாஃப்டைக் கூட்டினால் முகம் சற்று மூடிக்கொள்ளும். வலக்கைக்காரருக்குப் பந்து இடப்பக்கம் இழுக்கும். வலப்பக்கம் வளைத்து அடிக்கிறவர்களுக்கு இது உதவியாகவே அமையும்.

இந்த எடை விளையாட்டெல்லாம் உலோகம் வந்த பிறகுதான். டெய்லர்மேட் 1979-இல் உலோக வுட்டைச் சந்தைக்குக் கொண்டுவரும்வரை பெர்சிமன் மரக்கட்டைதான் கோலோச்சியது. நம் ஊர்ப் பனிச்சையும் அந்த மரத்தின் இனம்தான் என்று தெரிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வுட்டும் அயர்னும் கலந்த மட்டையான ஹைப்ரிட் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஷாஃப்ட் இன்னும் குட்டை, புல் அடர்ந்த இடத்திலும் கட்டாந்தரையிலும் கெட்டிக்காரன். ஆனால் அதே லாஃப்டில் 7-வுட் அளவுக்குப் பந்து பொதுவாக எழாது. மேலிருந்து வெட்டி அடிக்கிறவர்கள் அதை எடுக்கலாம். தரையை ஒட்டிப் பெருக்குவதுபோல் வீசுகிறவர்கள் 7-வுட்டை எடுக்கட்டும்.

வாங்கப் போகிறபோது சிமுலேட்டரில் (அடியை அளந்து காட்டும் உள்ளரங்கக் கருவி) மொத்தத் தூரத்தை மட்டும் பார்க்காதீர்கள். அது ரோலையும் சேர்த்துச் சொல்கிற எண். கேரி, உச்ச உயரம், இறங்கும் கோணம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். 3-வுட்டையும் 5-வுட்டையும் டீ இல்லாமல் மாறி மாறி அடியுங்கள். அங்கே போட்டிருக்கும் விரிப்பு, பந்தில் படுமுன் தரையில் பட்ட அடியைக்கூட மன்னித்துவிடும், ஆகவே ஒன்றிரண்டு நல்ல அடியை நம்ப வேண்டாம். சுமாரான அடிகளில் எது கூடுதல் கேரி கொடுக்கிறதோ, அதற்குப் பணம் கொடுங்கள்.